எலுமிச்சம்பழமும் கேமராவும்

எங்கள் அப்பாரு ஜட்கா ஓட்டியவர். சினைக் குதிரைக்குப் பதினோராம் மாதம் பிறந்துவிட்டால் அவருடைய கயிற்றுக் கட்டில் லாயத்துக்கு இடம் மாறிவிடும். குதிரை பெரும்பாலும் ராத்திரியில்தான் ஈனும். ஆள் நடமாட்டம் இருந்தால் சற்றுத் தள்ளிப்போடவும் அதற்குத் தெரியும். அதனால் அவர் பீடி கூடப் பிடிக்காமல் இருட்டில் படுத்திருப்பார்.

குட்டி விழுந்ததும் வைத்தியம் ஆரம்பமாகும். தொப்புளில் அடுப்புச் சாம்பல். பிறகு தாய்க்குதிரையின் முதல் பாலை மண்ணில் பீய்ச்சி விடுவார். ‘‘மொதப் பாலு ஆகாது கண்ணு, குட்டிக்குக் கழியும்.’’ அதே வாரம் பசு கன்று போட்டிருந்தால் அந்தச் சீம்பாலில் வெல்லம் போட்டுக் காய்ச்சி நாங்கள் சாப்பிடுவோம். கன்றுக்கும் குட்டிக்கும் சேர வேண்டியதை மண்ணும் மனிதனும் பங்கு போட்டுக்கொண்டோம்.

ஒரு குட்டி எட்டாம் நாள் எழவில்லை. முன்னங்கால் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிச் சுட்டது. ‘கண்ணுபட்டுப் போச்சு’ என்று லாயத்து வாசலில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். குட்டி போய்விட்டது. பழம் மட்டும் காய்ந்து ரொம்ப நாள் தொங்கியது.

கண்ணல்ல, தொப்புள் என்று எனக்குத் தெரிந்தது பல வருஷம் கழித்து. தொப்புள் வழியாகவோ குடல் வழியாகவோ நுழையும் கிருமி ரத்தத்தில் ஏறி மூட்டில் போய் உட்காருமாம். அதைத் தடுக்கும் எதிர்ப்புச் சக்தி குதிரையின் கருப்பையில் குட்டிக்குக் கிடைக்காது. அத்தனையும் சீம்பாலில்தான் இருக்கிறது. அதை உறிஞ்சிக்கொள்ளும் குடல் வாசலும் ஒரே நாளில் மூடிவிடும்.

இப்போது அந்தியூரில் தம்பி மகன் மார்வாரிக் குதிரை வளர்க்கிறான். ஆடி மாதம் குருநாதசாமி கோயில் குதிரைச் சந்தையில் வாங்கியது. அவனுக்கு எல்லாம் எண்ணிக்கையில் தெரியும். ‘‘ஒண்ணு, ரெண்டு, மூணு பெரியப்பா. ஒரு மணி நேரத்துல நிக்கணும், ரெண்டுல பால் குடிக்கணும், மூணுல நஞ்சுக்கொடி விழணும்.’’ தொப்புளை நனைக்கக் குளோரெக்சிடின் கிருமிநாசினி வைத்திருந்தான். குட்டியின் ரத்தத்தில் ஐஜிஜி என்கிற எதிர்ப்புப் புரதம் டெசிலிட்டருக்கு 800 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் நிம்மதி, 400-க்குக் கீழே போனால் ரத்தக்குழாய் வழியாகப் பிளாஸ்மா ஏற்ற வேண்டும் என்றான். லாயத்தில் கேமரா, கையில் செல்போன். எனக்கு அப்பாருவை நினைத்து வெட்கமாகக்கூட இருந்தது.

குதிரை ராத்திரி இரண்டு மணிக்கு ஈன்றது. கேமரா விழித்திருந்தது, செல்போன் சைலன்ட்டில் இருந்தது, தம்பி மகன் தூங்கிக்கொண்டிருந்தான்.

விடிந்து போய்ப் பார்த்தால் குட்டி நின்றுகொண்டிருந்தது. ஆனால் தாயைத் தெரியவில்லை. சுவரை நக்கியது, வாளியைச் சப்பியது. நல்லவேளையாக டாக்டர் சீக்கிரம் வந்தார். மெத்தென்ற கயிற்றை மார்பைச் சுற்றிப் போட்டு மெல்ல இறுக்கினார். குட்டி சாய்ந்து தூங்கிவிட்டது. இருபது நிமிஷம் கழித்துக் கயிற்றைத் தளர்த்தியதும் எழுந்து தாயைத் தேடியது! பிறப்புவழியின் நெருக்கத்தை மறுபடி உணரச் செய்யும் வைத்தியமாம். கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் மாடிகன் என்ற கால்நடை மருத்துவர் கொண்டுவந்தது. எல்லாக் குட்டிக்கும் பலிக்காது என்றார் டாக்டர். அப்பாரு இப்படிக் கட்டியிருந்தால் பேயோட்டுகிறார் என்று சிரித்திருப்போம்.

சீம்பாலைக் கறந்து மூக்கு வழியாகக் குழாய் விட்டுக் கொடுத்தார். மத்தியானம் குட்டி வாலைத் தூக்கிக்கொண்டு முக்கியது. கரிய பிசின் மாதிரி இருக்கும் முதல் லத்தி உள்ளே கட்டிக்கொண்டால் குட்டி வயிற்றுவலியில் உருளும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் எனிமா, லத்தி விழுந்தது. தம்பி மகன் அதையும் வீடியோ எடுத்தான். ஒரு வாரம், பத்து நாளில் லேசாகக் கழியும், குட்டி சுறுசுறுப்பாகப் பால் குடித்தால் பயப்பட வேண்டாம், சோர்ந்து படுத்தால் உடனே கூப்பிடு என்று சொல்லிவிட்டு டாக்டர் கிளம்பினார்.

அப்போதுதான் கவனித்தேன். கேமராவுக்குக் கீழே எலுமிச்சம்பழம் தொங்கியது. ‘‘எதுக்குடா இது?’’ என்றேன். ‘‘கேமரா காஸ்ட்லி பெரியப்பா.’’

அப்பாரு முழித்திருந்தார், விஷயம் தெரியாது. இவனுக்கு விஷயம் தெரியும், முழித்திருக்கவில்லை. சினைக்குதிரை வைத்திருப்பவர்கள் ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பே தாய்க்கு டெட்டனஸ் தடுப்பூசி போடுங்கள், டாக்டர் நம்பரைச் சுவரில் எழுதி வையுங்கள். பழம் கட்டுவது உங்கள் இஷ்டம். கட்டிலை மட்டும் லாயத்தில் போடுங்கள்.