மணக்குடி பொழிமுகத்துல பறவ பாக்கப் போறியா, மக்கா?

வா மக்கா. தொப்பி கொள்ளாம், கழுத்துல தொங்குற பைனாக்குலரும் கொள்ளாம். சட்டதான் இன்னும் கொஞ்சம் செவப்பா இருந்திருக்கலாம். மணக்குடிக்கு அந்தப் பக்கம் நிக்குத உள்ளானுக்கும் ஒன் வரவு தெரிஞ்சிருக்கும்லா.

பழையாறு கடல்ல விழுற எடம்னு படிச்சிட்டு வந்திருக்க. மழ இல்லாத மாசத்துல வந்து பாரு, ஆறு எங்கயும் விழாது. அல தள்ளுன மணலு வாய அடச்சுக் கெடக்கும். அந்த மணல் பொழி முறிஞ்சாத்தான் காயலுக்கும் கடலுக்கும் போக்குவரத்து. 2004 சுனாமி பாலத்தையே பேத்துட்டுப் போன எடம் இது. அதனால மேப்ப நம்பாத, தண்ணியப் பாரு. வத்தத்துல சேறு தெரிஞ்சா உள்ளான் அங்கன கொத்திக்கிட்டு நிக்கும். தண்ணி ஏறுனா புத்தளம் உப்பளத்துப் பக்கம் போயிரும். நீ தோசையத் தின்னுட்டு பைய பத்து மணிக்கு மேல வந்தேன்னு வையி, கானல்ல எல்லாப் பறவையும் ஒரே மாதிரி ஆடும். நோட்டுல எழுதிக்கிடு: “ஏதோ ஒண்ணு, 200.”

மணல்ல ஆலாக் கூட்டம் ஒரே தெசையப் பாத்து இருக்கும். ஒன்ன வரவேற்க இல்ல. காத்துக்கு எதுக்க மூஞ்சி வச்சாத்தான் றெக்க கலையாது, எழும்பவும் தோது. நீ ஓடிப்போயி கெளப்பிவிட்டுப் படம் எடுப்ப, தெரியும். நல்லாத்தான் வரும், எல்லாம் முதுகா. மார்ச்சு, ஏப்ரல்ல மட்டும் அந்த வெளையாட்டு வேண்டாம். லடாக்குக்கும் சைபீரியாவுக்கும் கெளம்புற உசுருக, தின்னு சேத்த கொழுப்புதான் வழிச்செலவு. அதுல கைவைக்காத. இதுல மட்டும் நான் கேலி பேசல.

பேரு தெரியலன்னா செல்லுல தட்டு. அது பத்துப் பேரு சொல்லும், ரெண்டு இந்தியாவுக்கே வராதது. அதிசயம் கண்டுட்டேன்னு குதிக்காத. ரோஸ் நெறத்துல நீளக் காலு, கருத்த றெக்கையா, அப்ப பவளக்காலி. குருட்டுக்கொக்கத் தேடவே வேண்டாம், நீ மிதிக்கப் போறப்ப அதுவா எழும்பிக் காட்டும். மிச்சமெல்லாம் உள்ளான்னு சொல்லிரு, ஒருத்தனும் மறுக்க மாட்டான்.

காலம்பற கீழமணக்குடி கரையில போயி இரி, சூரியன் முதுகுல விழும். செல்ல அமத்து. அரமணிக்கூரு அசையாம இருந்தா உள்ளானே ஒன் செருப்புப் பக்கம் வரும். அப்பவும் படம் இருட்டா வந்தா பறவையத் திட்டாத. லென்சு மூடியக் கழட்டுனியான்னு பாரு.