எதிர்காலம் உடையவர்கள்

தோற்றவனைத் தட்டிக்கொடுப்பது எல்லா தேசங்களிலும் உள்ள வழக்கம்தான் என்றாலும், தோற்ற அளவுக்கு ஏற்பப் பரிசு வழங்குவதைச் சட்டமாகவே எழுதிவைத்து, அதை ஆண்டுதோறும் ஒரு திருவிழாவாக நடத்திவரும் பெருமை ஆஸ்திரேலியக் கால்பந்து லீகையே சேரும். நீள்வட்ட மைதானத்தில், நீள்வட்டப் பந்தைப் பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர் காலாலும் கையாலும் கொண்டுசெல்லும் அந்த ஆட்டத்தில் பதினெட்டுக் கழகங்கள் உள்ளன. பருவம் முடியும்போது புள்ளிப்பட்டியலின் அடியில் கிடக்கும் கழகம் எதுவோ, அதற்கே தேசத்தில் அவ்வாண்டு பக்குவத்துக்கு வந்த இளைஞர்களில் தலைசிறந்தவனை முதலில் பொறுக்கிக்கொள்ளும் உரிமை. டிராஃப்ட் என்று வழங்கும் இந்த ஏற்பாட்டின் நோக்கம், வலியவன் என்றென்றும் வலியவனாகவும் மெலிந்தவன் என்றென்றும் மெலிந்தவனாகவும் இருந்துவிடக் கூடாது என்பதே. அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நடைமுறையில் அதனால் விளைந்தது என்னவென்றால், சில கழகங்கள் நிகழ்காலத்தை அடியோடு துறந்துவிட்டு எதிர்காலத்திலேயே குடியேறிவிட்டன.

அப்படிக் குடியேறியவற்றுள் மூத்தது நார்த் மெல்போர்ன். பின்னால் வந்து சேர்ந்ததும், கையில் காசு புரள்வதும் பெர்த் நகரத்து வெஸ்ட் கோஸ்ட். 2025 நவம்பரில் டிராஃப்டின் முதல் சுற்று முடிந்த மறுநாள், மெல்போர்னிலிருந்து பெர்த்துக்குப் புறப்படும் ஆகாய விமானத்தில், இவ்விரு கழகங்களின் அபிமானிகள் இருவர் அடுத்தடுத்த ஆசனங்களில் அமர நேர்ந்தால் சம்பாஷணை எவ்விதம் போகும் என்று கற்பனை செய்து பார்ப்பதில் ஒரு தனிச் சுகம் இருக்கிறது. நார்த்தின் அபிமானியான வடக்கர் எழுபதைக் கடந்தவர். டிராம் வண்டியில் நடத்துநராக இருந்து ஓய்வுபெற்றவர். எதையும் எளிதில் நம்பாதவர், அதாவது எல்லாவற்றையும் ஏற்கெனவே ஒரு தடவை நம்பிப் பார்த்துவிட்டவர். வெஸ்ட் கோஸ்டின் அபிமானியான மேற்கர் கணக்குத் தணிக்கையாளர். எதை வேண்டுமானாலும் நம்புவார், ஆனால் அதை எண்ணில் காட்டிவிட வேண்டும். தூரம் சுமார் 2,700 கிலோமீட்டர், பிரயாணம் நான்கு மணி நேரம். இரு கழகங்களும் அண்மையில் ஈட்டிய வெற்றிகளை விஸ்தாரமாகப் பேசினாலும் விமானம் ஓடுபாதையை விட்டுக் கிளம்புவதற்குள் முடிந்துவிடும். எதிர்காலத்தைப் பேசவோ நான்கு மணி நேரம் போதாது.

மேற்கர்: நேற்றைய விழாவைப் பார்த்திருப்பீர்கள். முதல் தெரிவு எங்களுக்கு. வில்லம் டூர்ஸ்மா! இனி எங்களுக்குச் சுக்கிர தசைதான், ஐயா.

வடக்கர்: பார்த்தேன், பார்த்தேன். அந்தப் பிள்ளையின் அண்ணன் ஸேனை 2023-ஆம் ஆண்டு நான்காவது தெரிவாக எடுத்தவர்கள் நாங்கள்தான் என்பது தங்கள் கணக்கேட்டில் இருக்கிறதோ இல்லையோ, எனக்கு நினைவிருக்கிறது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களில் அண்ணனை நாங்களும் தம்பியை நீங்களும் கொண்டோம் என்றால், நாம் இருவரும் இன்றுமுதல் உறவுக்காரர்கள். அந்த உரிமையில் ஒன்று கேட்கிறேன்: இந்தச் சுக்கிர தசையை என்ன விலைக்கு வாங்கினீர்கள்?

மேற்கர்: விலையா? ஒரு காசும் இல்லை. 23 ஆட்டங்கள் ஆடி ஒன்றில் வென்றோம்; அதற்காகக் கிடைத்தது.

வடக்கர்: அந்த ஒன்று ஏன்?

மேற்கர்: செயின்ட் கில்டா கழகத்தார் எங்கள் ஊருக்கு வந்திருந்தார்கள். தவிர்க்க முடியவில்லை.

வடக்கர்: கவலைப்படாதீர்கள். எந்தத் தவத்துக்கும் இப்படி ஒரு பங்கம் நேர்வதுண்டு.

மேற்கர்: தவம் என்ற அளவில் பேசுவதானால் நான் எண்களையே சொல்லிவிடுகிறேன். 2022 முதல் நான்கு பருவங்களில் நாங்கள் 91 ஆட்டங்கள் ஆடி 11-இல் வென்றிருக்கிறோம். அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டு. நீங்கள் 2020 முதல் ஆறு பருவங்களில் 130 ஆட்டங்கள் ஆடி 20-இல் வென்றும் இரண்டைச் சமன் செய்தும் இருக்கிறீர்கள். நூற்றுக்குப் பதினைந்தைத் தாண்டிவிட்டது. ஆகவே எங்கள் எதிர்காலம் உங்களுடையதைவிடப் பிரகாசமானது என்பது கணித பூர்வமாக நிரூபணமாகிறது.

வடக்கர்: ஆழத்தில் நீங்கள் எங்களை முந்திவிட்டீர்கள் என்பதை ஒப்புக்கொள்கிறேன், நீளத்தில் எங்களுக்கு நிகர் யார்? நாங்கள் கடைசியாக இறுதிச் சுற்றுக்குப் போனது 2016-இல். 2021-இலும் 2022-இலும் அடுத்தடுத்து மரக்கரண்டியைப் பெற்றோம். கடைசி ஸ்தானத்தில் நிற்கும் கழகத்துக்கு ஊரார் மனத்தளவில் வழங்கும் அந்தக் கரண்டியை வைத்துக்கொண்டு எங்கள் ஆர்டன் தெருவில் ஒரு கல்யாண சமையலையே நடத்திவிடலாம். உங்களைப்போல நாங்களும் 2021-இல் முதல் தெரிவைப் பெற்றோம். ஜேசன் ஹோர்ன்-ஃபிரான்சிஸ் என்ற பையனைக் கைகூப்பி வரவேற்றோம். நானும் அவன் எண் பொறித்த சட்டையைப் பேரனுக்கு வாங்கிக் கொடுத்தேன். ஒரு பருவம் முடிந்ததோ இல்லையோ, அவன் தன் மாகாணத்துக்கே திரும்பிப் போர்ட் அடிலெய்டில் சேர்ந்துவிட்டான். சட்டை பேரனுக்குப் பெரிதாக இருந்தது; அளவுக்கு வளர்வதற்குள் ஆள் போய்விட்டான்.

மேற்கர்: அது நிர்வாகக் கோளாறு. இருந்தாலும் அந்தப் பேரத்தில் உங்களுக்கு ஹாரி ஷீசல் கிடைத்தானே. 2023-இல், தன் முதல் பருவத்திலேயே, சிறந்த இளைஞனுக்கான விருதையும் உங்கள் கழகத்தின் சிட் பார்க்கர் பதக்கத்தையும் சேர்த்து வாங்கியவன் அல்லவா?

வடக்கர்: கிடைத்தான். யார் கொடுத்தது என்று சொல்லுங்கள், பார்ப்போம்.

இங்கே மேற்கர் ஆசனப் பட்டையைச் சற்றே தளர்த்திக்கொண்டார். 2022-இல் நான்கு கழகங்கள் கூடி நடத்திய அந்தப் பேரத்தில், இரண்டாவது தெரிவுரிமையைக் கையில் வைத்திருந்தது வெஸ்ட் கோஸ்ட்தான். அதை விட்டுக்கொடுத்து எட்டாவதையும் பன்னிரண்டாவதையும் அவர்கள் வாங்கிக்கொண்டார்கள். விட்டுக்கொடுத்த அந்த உரிமைதான் நார்த் கையில் ஷீசலாக அவதரித்தது.

மேற்கர்: ஒன்றைக் கொடுத்து இரண்டு வாங்கினோம். எண்ணிக்கையில் லாபம் எங்களுக்கே. அதிருக்கட்டும், நாங்கள் உங்களுக்கு ஷீசலைக் கொடுத்தோம் என்றால், நீங்கள் எங்களுக்கு ஹார்லி ரீடைக் கொடுத்தீர்கள். கடன் தீர்ந்துவிட்டது.

வடக்கர்: ஐயா, அந்தப் புண்ணை மட்டும் தொடாதீர்கள்.

தொட்டே ஆக வேண்டும். ஏனென்றால் இந்த ஆட்டத்தின் வேதாந்தம் முழுவதும் அந்த ஒரு நாளில் அடங்கியிருக்கிறது. 2023 பருவத்தின் கடைசி வாரத்தில் நார்த் மெல்போர்ன் தொடர்ந்து 20 ஆட்டங்களில் தோற்று, இரண்டே வெற்றிகளோடு, பதினெட்டாம் இடத்தில் அசைவின்றி வீற்றிருந்தது. இன்னும் ஒரே ஒரு ஆட்டத்தில் தோற்றுவிட்டால் போதும். டோங்கலா என்ற சிற்றூரிலிருந்து வந்த, பல ஆண்டுகளுக்கு ஒருமுறைதான் இப்படி ஒருவன் பிறப்பான் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்த ஹார்லி ரீட் அவர்களுக்கே. அன்று ஹோபர்ட்டில் கோல்டு கோஸ்டை எதிர்த்து இறங்கிய வீரர்கள் இந்தச் சாஸ்திரத்தையெல்லாம் படித்தவர்களாகத் தோன்றவில்லை. 35 புள்ளி வித்தியாசத்தில் வென்றுவிட்டார்கள். அதே நாளில் வெஸ்ட் கோஸ்ட் தன் சொந்த மைதானத்தில் அடிலெய்டிடம் தோற்றது. இரு கழகங்களும் மூன்று மூன்று வெற்றிகளோடு நின்றபோது, வாங்கிய அடியின் கனத்தால் வெஸ்ட் கோஸ்ட் அடியில் போய்ச் சேர்ந்தது. ரீட் பெர்த்துக்குப் போனான். மைதானத்தில் ஓடுகிற வீரன் எவனும் தோற்பதற்காக ஓடுவதில்லை என்பதை நான் மனப்பூர்வமாக நம்புகிறேன். அவன் வியர்வை சிந்தி வெல்லும்போது, வீட்டில் உட்கார்ந்திருக்கும் அபிமானி தலையில் கைவைத்துக்கொள்ளும்படி ஒரு விதியை வகுத்தவர்களைத்தான் நினைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

வடக்கர்: 20 ஆட்டங்கள், ஐயா! மழையில், குளிரில், பட்டப்பகலில், இரவு விளக்கில் என்று தோற்றுத் தோற்றுச் சேர்த்ததை ஒரே பிற்பகலில் தொலைத்துவிட்டார்கள். இறுதி மணி அடித்தபோது நானும் என் மனைவியும் சந்தோஷத்தில் கட்டிக்கொண்டோம். அரை மணி கழித்து, அவள்தான் முதலில் புள்ளிப்பட்டியலைப் பார்த்தாள்.

மேற்கர்: வெற்றி என்பது திட்டமிடாத செலவு. நாங்கள் அந்த விஷயத்தில் ஒழுங்கானவர்கள். அந்தப் பருவத்திலேயே சிட்னியில் 205-க்கு 34 என்று 171 புள்ளிகளில் தோற்றோமே, அதை ஊரார் அவமானம் என்றார்கள். பருவ முடிவில் கணக்குப் பார்த்தபோதல்லவா அது முதலீடு என்று தெரிந்தது!

வடக்கர்: முதலீடு முதிர்ந்ததா?

மேற்கர்: ரீட் 2028 வரை கையெழுத்திட்டிருக்கிறான்.

வடக்கர்: அதற்குப் பிறகு? டோங்கலா எங்கள் விக்டோரியா மாகாணத்து ஊர். நாம் ஏறியிருக்கும் இந்த விமானம் பெர்த்தில் இறங்கிய பிறகு அங்கேயே நின்றுவிடுவதாகத் தாங்கள் எண்ணியிருக்கிறீர்களா? உங்கள் தலைவர்களில் ஒருவரான ஆஸ்கர் ஆலன் பிரிஸ்பேனுக்குப் போய்விட்டாரே.

மேற்கர்: போனார், அதற்கு நஷ்டஈடாக லீக் எங்களுக்கு இரண்டாவது தெரிவுரிமையைத் தந்தது. தலைவன் போனாலும் லாபம் காட்டும் கழகம் எங்களுடையது. எங்கள் அங்கத்தினர் தொகை லட்சத்தைத் தாண்டியது. நான்கு பட்டங்கள் வாங்கியிருக்கிறோம்: 1992, 1994, 2006, 2018.

வடக்கர்: நாங்களும் நான்குதான்: 1975, 1977, 1996, 1999. கடைசியாக வாங்கியபோது என் தலையில் முடி இருந்தது. உங்களைப்போல எங்களுக்குச் செல்வம் இல்லை. ஐம்பதாயிரம் அங்கத்தினர்கள் சேர்ந்த ஆண்டில் அதற்கே விழா எடுத்தவர்கள் நாங்கள். சொந்த மைதானத்தில் ஆட வேண்டிய ஆட்டங்களில் சிலவற்றை 2012 முதல் ஹோபர்ட்டுக்கு விற்றுவந்தோம். 2025-இல் உங்கள் மாகாணத்துக்கே விற்றோம். பன்பரி ஊருக்கு வந்து, உங்கள் ஜனங்கள் சூழ்ந்திருந்த மைதானத்தை எங்கள் சொந்த மைதானம் என்று கூசாமல் அறிவித்து, உங்களையே வென்றோம். வறுமையிலும் ஒரு கம்பீரம் வேண்டுமல்லவா?

மேற்கர்: அந்த வறுமையில்தான் எங்கள் ஜாக் டார்லிங்கை வாங்கினீர்களோ? எங்களுக்காக 298 ஆட்டங்கள் ஆடி முடித்தவரை! எதிர்காலத்தைக் கட்டுகிறவர்கள் வாங்குகிற சரக்கா அது?

வடக்கர்: எங்களிடம் எதிர்காலம் மூட்டை மூட்டையாகக் கிடந்தது. ஷீசல், வார்ட்லா, மெக்கெர்ச்சர் என்று தாடி முளைக்காத பிள்ளைகள் மட்டுமே இருந்தார்கள். கொஞ்சம் இறந்தகாலமும் இருக்கட்டும் என்று உங்களிடம் வாங்கினோம். பயிற்சியாளர் விஷயத்திலும் இதே கொள்கைதான். ஹாதர்னுக்கு நான்கு பட்டங்கள் வாங்கிக்கொடுத்த அலஸ்டர் கிளார்க்சனை அழைத்துவந்தால் பட்டங்களும் கூடவே வந்துவிடும் என்று நினைத்தோம். அவர் மட்டும் வந்தார்.

மேற்கர்: சரி, எதிர்காலம் மூட்டை மூட்டையாகக் கிடந்ததென்றீர்கள். அப்படியானால் 2025-ஆம் ஆண்டின் முதல் சுற்றுத் தெரிவுரிமையை ஓராண்டு முன்னதாகவே ரிச்மண்டுக்குக் கொடுத்து, இருபத்தேழாவது தெரிவை வாங்கினீர்களே, அது எந்தக் கணக்கில் வரும்?

வடக்கர்: அடுத்த ஆண்டு நாங்கள் முன்னேறிவிடுவோம், ஆகவே அந்த உரிமைக்கு அவ்வளவு மதிப்பிராது என்ற நம்பிக்கையில் செய்தது. பதினாறாம் இடத்துக்கு முன்னேறினோம். ரிச்மண்டார் இன்னும் எங்களைக் கண்டால் தொப்பியைத் தூக்கி வணங்குகிறார்கள்.

மேற்கர்: (பெருந்தன்மையுடன்) நாங்களும் 2024-இல் மூன்றாவது தெரிவைக் கார்ல்டனுக்குக் கொடுத்தவர்கள்தான். அதைப் பற்றிப் பேச வேண்டாம்.

வடக்கர்: பேச வேண்டாம். உறவுக்காரர்கள் ஒருவர் குறையை ஒருவர் மறைக்க வேண்டியதுதான். ஆனால் ஒன்று சொல்லுங்கள்: தங்கள் கணக்குப்படி இந்த எதிர்காலம் என்பது எந்த வருஷம் வந்து இறங்கும்?

மேற்கர்: இந்தப் பிள்ளைகள் முற்ற நான்கு வருஷம் போட்டிருக்கிறேன். நடுவில் இன்னும் இரண்டொரு முறை முதல் வரிசைத் தெரிவுகள் கிடைத்துவிட்டால்...

வடக்கர்: கிடைக்காது. 2028-இல் டாஸ்மேனியா பத்தொன்பதாவது கழகமாக வந்து இறங்குகிறது. புதிய கழகம் காலூன்ற வேண்டும் என்று நல்ல பிள்ளைகளில் பெரும்பங்கை அதற்கே ஒதுக்கித் தருவார்கள். நாம் அதன்பிறகு என்னதான் தோற்றாலும் வீண்.

மேற்கர்: (முகம் வாடி) அவர்கள் இன்னும் ஒரு ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லையே! எந்தத் தகுதியில் கொடுக்கிறார்கள்?

வடக்கர்: அங்கேதான் சூக்ஷ்மம். நம்மிடம் எதிர்காலத்தோடு கொஞ்சம் நிகழ்காலமும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அது வெளியே வந்து மானத்தை வாங்குகிறது. அவர்களிடம் நிகழ்காலம் என்பதே கிடையாது. மைதானம்கூட இன்னும் எழும்பவில்லை. கலப்படமில்லாத எதிர்காலம், ஐயா! மொத்தமே ஐந்தே முக்கால் லட்சம் ஜனங்கள் உள்ள தீவு. அங்கத்தினர்களோ இரண்டு லட்சத்துக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள்.

மேற்கர்: இரண்டு லட்சமா? எங்களைவிட அதிகமாகவா? கட்டணம் எவ்வளவு?

வடக்கர்: பத்து டாலர். நான் கட்டிவிட்டேன்.

மேற்கர்: (குரலைத் தாழ்த்தி) ரசீது இருக்கிறதா?