தொலைநோக்கி லாகவ விசாரம்

வேட்டைக்குச் செல்வோர் முதுகுச் சுமையைக் குறைக்கக் கருதி எடை குறைந்த ஸ்பாட்டிங் ஸ்கோப் ஒன்றைத் தெரிந்தெடுக்குங்கால், அதன் காட்சித் தெளிவுக்குப் பங்கம் வாராமல் தெரிந்தெடுப்பது எங்ஙனம் என்னும் வினா, ஆத்மா உண்டா இல்லையா என்னும் வினாவைப் போலவே நெடுநாளாய் இரு கட்சியாரால் வாதிக்கப்பட்டு, ஈற்றில் இரு சாராரும் தத்தம் கருவியை மாற்றிக்கொள்ளாமலேயே வீடு திரும்பும் பெருமை வாய்ந்தது. பல் துலக்கும் பிரஷ்ஷின் கைப்பிடி பாரமென்று அதனைப் பாதியில் அறுத்தெறிந்துவிட்டு, அதே பையில் இரண்டு கிலோ எடையுள்ள தொலைநோக்கியை வைத்துக் கட்டும் மாந்தர் உளராதலின், இவ்விஷயத்தைச் சாஸ்திரோக்தமாக விசாரிப்பது அவசியமாகிறது.

எந்த விசாரணைக்கும் ஒரு நிலைக்களன் வேண்டும். அலாஸ்காவின் புரூக்ஸ், சூகாச் முதலிய மலைத்தொடர்களில் மேயும் டால் ஆட்டை நாம் எடுத்துக்கொள்கிறோம். தூய வெண்ணிறமுடைய இக்காட்டாட்டின் கிடாவைச் சுடுவதற்கு அம்மாநிலச் சட்டம் விதித்திருக்கும் யோக்கியதாம்சங்கள், நம் ஜோதிடர்கள் வரனுக்கு விதிப்பவற்றிலும் நுட்பமானவை: பக்கவாட்டில் நோக்குங்கால் கொம்பு முழு வட்டமாக, அதாவது 360 பாகை, சுழன்றிருக்க வேண்டும், இல்லையேல் இரு கொம்புகளின் நுனிகளும் உடைந்திருக்க வேண்டும், அதுவும் இல்லையேல், கொம்பின் வளையங்களை எண்ணி வயது எட்டுக்குக் குறையவில்லை என்று தெளிய வேண்டும். குளிர்காலத்தில் கொம்பின் வளர்ச்சி தடைப்படுவதால் ஆண்டுக்கொரு பள்ளம் விழுகிறது. கிடா முதிர முதிர அடிப்பக்கத்துப் பள்ளங்கள் ஒன்றையொன்று நெருங்கிக்கொள்ள, இளமைக்குச் சாட்சியான நுனிப்பக்கமோ பாறைகளில் தேய்ந்தும் முறிந்தும் போய்விடுகிறது. வயதை மறைத்தல் மனித குலத்துக்கே உரிய குணம் என்று கருதுவோர் இதனைக் கவனிப்பாராக. ஆக, கூழாங்கற் சரிவில் குப்புறப் படுத்து, பக்க வெளிச்சம் புகாதபடி சட்டையைத் தலைமேல் போர்த்துக்கொண்டு, அசைபோட்டவாறே அடிக்கொரு முறை தலையைத் திருப்பும் ஒரு பிராணியின் கொம்பில் ஏழா எட்டா என்று எண்ணுவதே இக்கருவியின் பரம பிரயோஜனம்.

இனிக் கட்சிகள். பொருளருகு வில்லையின் விட்டம் 85 மில்லிமீட்டராவது இருந்தாலன்றிக் கண்டது காட்சியாகாது என்பார் பெருங்கண்ணார். அவர்தம் கருவி கண்ணருகு வில்லையோடு சேர்ந்து ஏறக்குறைய இரண்டு கிலோ நிறுக்கும். 50 மில்லிமீட்டரே அமையும், அரைக் கிலோவுக்கும் முக்கால் கிலோவுக்கும் இடையே எடை அடங்கிவிடும் என்பார் சிறுகண்ணார். இவ்விருவர் வழக்கையும் தீர்க்க வல்லவர், 1799-இல் பிறந்த வில்லியம் ரட்டர் டாஸ் என்னும் ஆங்கிலப் பாதிரியாரேயாவர். இரட்டை விண்மீன்களை நோக்குவதிலேயே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த அம்மகான், 116 என்னும் எண்ணை வில்லையின் விட்டத்தால் வகுத்தால் அக்கருவி பிரித்துக் காட்டவல்ல மிகச் சிறு கோணம் விகலையில் கிடைக்கும் என்று ஒரு சூத்திரம் வகுத்துத் தந்தார். பாகையின் 3600-இல் ஒரு கூறாகிய விகலை, ஆயிரம் மீட்டர் தூரத்தில் சுமார் 4.85 மில்லிமீட்டர் ஆகும். இதன்படி அத்தூரத்தில் பெருங்கண்ணார் கருவி 6.6 மில்லிமீட்டர் இடைவெளியையும், சிறுகண்ணார் கருவி 11 மில்லிமீட்டர் இடைவெளியையும் பிரித்துக் காட்ட வேண்டும். விண்மீனுக்கென இயற்றிய விதி ஆட்டுக் கொம்புக்குச் செல்லுமோ எனின், ஏறக்குறையச் செல்லும். ஆயினும் கொம்பின் பள்ளங்கள் கரிய வானத்து விண்மீன்போல் எடுப்பாகத் தெரியாவாகையால் வேட்டைக்காரன் சற்றுக் கூடவே கஷ்டப்படுவான்.

இவ்விடத்தில் பெருங்கண்ணார் வென்றதாகத் தோன்றும். ஆனால் அதே சூத்திரத்தைத் திருப்பிப் பிடித்தால், 85 மில்லிமீட்டர்க் கருவி ஆயிரம் மீட்டரிலிருந்து காட்டுவதை 50 மில்லிமீட்டர்க் கருவி 588 மீட்டரிலிருந்து காட்டிவிடும் என்பது வெளியாகிறது. எனவே வழக்கின் சாரம் இதுதான்: நாள் முழுதும் ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாரத்தைக் கூடுதலாகச் சுமப்பதா, ஆட்டைக் கண்ட பிறகு ஏறக்குறைய நானூறு மீட்டர் கூடுதலாக நடப்பதா? நடந்துவிடலாமே என்று நாற்காலியில் அமர்ந்து சொல்வது எளிது. அந்த நானூறு மீட்டருக்கு நடுவே ஒரு பனியாற்றுப் பள்ளத்தாக்கு கிடந்தால், அதில் இறங்கி ஏற ஒரு பகற்பொழுது செல்லும். ஏறி முடித்த பின் கொம்பில் ஏழே வளையங்கள் என்று தெரியவந்தால், வந்த வழியே திரும்பவும் ஒரு பகற்பொழுது செல்லும். 65 மில்லிமீட்டர்க் கருவிக்கு 765 மீட்டர் போதும் என்பதையும், அதன் எடை ஒன்றேகால் முதல் ஒன்றரைக் கிலோ என்பதையும் இங்கே குறித்து வைக்கிறோம்.

அறுபது மடங்கு பெருக்கம் என்று பெருங்கண்ணார் முழங்குவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெயில் ஏறியதும் பாறைகளிலிருந்து எழும் கானல், முப்பது மடங்குக்கு மேற்பட்ட பெருக்கத்தைப் பெரும்பாலும் நீருக்கடியில் தெரியும் ஆடாக்கிவிடும். பெரிய வில்லை அந்தி வெளிச்சத்தில் உதவும் என்பதும் மெய்யே. ஆனால் ஆகஸ்டு 10-ஆம் தேதி வேட்டைக் காலம் தொடங்கும் அவ்வடபுலத்தில் அந்தி நெடுநேரம் நீடிப்பதால், அவ்வுதவிக்கு அங்கே கிராக்கி குறைவு.

இனி உண்மையாகவே தயவு தாட்சண்யம் காட்டக் கூடாத இடம் கண்ணாடியின் தரம். வெண்ணிற டால் ஆடு கரும்பாறையின் முன் நிற்குங்கால், தரமற்ற வில்லை அதன் முதுகோரத்தில் ஊதா நிறச் சரிகை ஒன்றைத் தைத்துவிடுகிறது. ஒளி முறிந்தால் நிறம் பிரிந்தே தீரும், வில்லையால் இதற்குப் பரிகாரமில்லை என்று நியூட்டனே கைவிட்ட இக்குறையை, இருவகைக் கண்ணாடிகளை இணைத்துத் தணிக்கலாம் என்று முதலில் கண்டவர் செஸ்டர் மூர் ஹால் என்னும் வழக்கறிஞர். 1758-இல் அதற்குக் காப்புரிமை பெற்றவர் முன்பு பட்டு நெசவு செய்துகொண்டிருந்த ஜான் டாலண்டு. பின்னர் 1880-களில் ஒளியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் அபே, அக்குறையை மேலும் தணிக்க ஃப்ளோரைட் படிகத்தை நுண்பெருக்கிகளில் புகுத்த, அதுவே இன்று செயற்கையாக வளர்க்கப்பட்டு வேட்டைக்காரன் பையிலும் புகுந்திருக்கிறது. இதில் ஒரு சூட்சுமம் உண்டு. ஃப்ளோரைட் சாதாரணக் கண்ணாடியைவிட இலேசானதன்று, அடர்த்தி கூடியது. ஆயினும் எடையை நிர்ணயிப்பது கண்ணாடியின் ஜாதியன்று, விட்டமே. ஒரே வடிவுடைய வில்லைகளில் எடை விட்டத்தின் மும்மடிப் பெருக்கமாக ஏறுமாதலால், 50 மில்லிமீட்டர் வில்லை 85-இன் எடையில் ஐந்தில் ஒரு பங்கே இருக்கும். மேலும், குழலைக் குறுக்கினால் நிறப்பிரிவு மிகும். அதை அடக்க உயர்ந்த கண்ணாடி வேண்டும். உயர்ந்த கண்ணாடிக்கு விலை உயரும். கோவா (Kowa) நிறுவனத்தாரின் 55 மில்லிமீட்டர்க் கருவி ஃப்ளோரைட் படிகத்தோடு கூடி எண்ணூறு கிராம் அளவில் நின்றுவிடுகிறது. நில்லாமல் ஏறுவது அதன் விலை. ஆகவே விட்டத்தைக் குறைத்து எடை குறைப்பது தர்மம்; தரத்தைக் குறைத்து விலை குறைப்பது அதர்மம்.

முக்காலியை விட்டுவிட்டோம் என்று வாசகர் நினைக்கலாம்; பெரும்பாலோர் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். தொலைநோக்கியில் மிச்சம் பிடித்த மகிழ்ச்சியில் முக்காலியிலும் மிச்சம் பிடித்தவர், முப்பது மடங்கு பெருக்கிய ஆட்டோடு முப்பது மடங்கு பெருக்கிய தம் கருவியின் நடுக்கத்தையும் கண்டு களிப்பர். காற்று வீசும் முகட்டில் முக்காலியைத் தாழ இறக்கி, துணிப்பையில் கல்லை நிரப்பி அதன் நடுத்தண்டில் தொங்கவிடுவது அனுபவஸ்தர் வழக்கம்; மலையில் கல்லைச் சுமந்து செல்ல வேண்டியதில்லை என்பது இவ்வாராய்ச்சியில் கிடைத்த ஒரே இலவசம்.

மூன்றாவது மதமொன்றும் உண்டு. அதனைக் கண்ணிலார் மதம் என்போம். தோழன் பையில் இருக்கும் தொலைநோக்கியே யாவற்றிலும் இலேசானது என்பது இவர்தம் சித்தாந்தம். அலாஸ்காச் சட்டமே இதற்கு இடங்கொடுக்கிறது: டால் ஆட்டை வேட்டையாட வரும் வெளிமாநிலத்தார் உரிமம் பெற்ற வழிகாட்டியையோ, அம்மாநிலத்தில் வசிக்கும் நெருங்கிய உறவினர் ஒருவரையோ உடன்கொண்டு செல்ல வேண்டும் என்றும், அவ்வுறவில் மைத்துனரும் மாமனாரும் அடங்குவர் என்றும் அது விதிக்கிறது. மாமனாரைக் கொண்டு சுமையைக் குறைக்கும் இம்முறை ஒளியியல் சார்ந்ததன்று ஆகையால் இங்கு மேலும் ஆராயப்படவில்லை.

முடிபு வருமாறு: நெடுந்தூரம் நடப்பவர் 55 முதல் 65 மில்லிமீட்டருக்கு உட்பட்ட, கைக்கு எட்டிய மட்டில் உயர்ந்த கண்ணாடியுடைய கருவியைக் கொள்க, மிஞ்சிய எடையில் ஒரு பகுதியை நல்ல முக்காலிக்குக் கொடுக்க. சுட்ட கிடாவின் கொம்புகளை மாநில வனவிலங்கு அலுவலரிடம் காட்டி முத்திரை பெற்றாக வேண்டும். அவர் கொம்பை மேசைமேல் வைத்து வெறுங்கண்ணாலேயே எண்ணுவார். ஆதலின் ஏழா எட்டா என்னும் ஐயம் தீராதவரை, எக்கட்சியாராயினும் விசையில் விரல் வையாதிருப்பாராக.