வாக்கெட், டாக்கெட், லாஃபெட்

பல்லடத்திலிருந்து காங்கேயம் போகிற வழியில் பொங்கலூர். அந்த வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் ஒரு காலத்தில் ஆங்கில வினைச்சொல்லைப் பஜனை மாதிரி பாடுவார்கள். வாக், வாக்கெட், வாக்கெட். டாக், டாக்கெட், டாக்கெட். லாஃப், லாஃபெட், லாஃபெட். இப்படிப் படித்தவன் கோயமுத்தூர்க் கல்லூரிக்குப் போய் வாயைத் திறந்தால் வகுப்பே சிரிக்கும். சிரித்தவர்களுக்கு ஸ்விஃப்ட்டைத் தெரியாது, பாவம்.

கல்லிவரை லில்லிபுட்டுக்கு அனுப்பிய அதே ஜொனாதன் ஸ்விஃப்ட்தான். 1712-ல் இங்கிலாந்தின் பெரிய மந்திரிக்கு ஒரு நீண்ட விண்ணப்பம் எழுதினார். கவிஞர்கள் வினைச்சொல்லின் வாலில் வரும் ஈடியின் (-ed) ஈயை விழுங்கிவிட்டு 'டிஸ்டர்ப்ட்', 'ரிபியூக்ட்' என்று பல்லைக் கடிக்கிறார்கள், காது கூசுகிறது, அறிஞர்களைக் கூட்டி மொழியைத் திருத்துங்கள் என்பது அதிலிருந்த புலம்பல்களில் ஒன்று. கூட்டம் கூடவில்லை, இரண்டு வருஷத்தில் மந்திரிக்குத்தான் பதவி போனது. ஸ்விஃப்ட் ஏங்கிச் செத்த முழு உச்சரிப்பை, கடல் தாண்டிக் காப்பாற்றி வைத்திருந்தவர்கள் நம் பொங்கலூர் வாத்தியார்கள். (இன்றைக்கு ஈ.டி. என்றால் முதலாளிகளுக்கு வேறு மாதிரி வியர்க்கிறது. அது வேறு கதை.)

அந்த ஈடியும் ஆதியிலிருந்தே அரியணையில் இருந்ததல்ல. பழைய ஆங்கிலத்தில் எத்தனையோ வினைகளுக்கு வால் கிடையாது. இறந்தகாலம் வேண்டுமென்றால் வயிற்றைக் கிழித்து உயிரெழுத்தை மாற்ற வேண்டும். 'ஹெல்ப்' என்பதற்குப் பின்னாளிலும் 'ஹோல்ப்' என்றார்கள். 1611-ல் வந்த பைபிளில்கூட 'ஹோல்பன்' உட்கார்ந்திருக்கிறது. 2007-ல் ஹார்வர்டு ஆட்கள் கணக்கெடுத்தார்கள். பழைய ஆங்கிலத்தில் இப்படி அடங்காமல் திரிந்த 177 வினைகளை எடுத்துக்கொண்டு பார்த்தால், இன்றைக்கும் அடங்காதவை 98. மற்றவை எல்லாம் ஈடி கட்சிக்குத் தாவிவிட்டன. அடிக்கடி புழங்காத சொல்தான் முதலில் தாவுமாம். கோ, கம், ஈட் போன்றவை தினமும் வாயில் கிடக்கிற பெரிய மனுஷர்கள். அவர்களை எந்தச் சட்டமும் தொடவில்லை.

வெள்ளைக்காரக் குடியானவன் சோம்பேறித்தனத்தால் மொழியை இப்படி எளிமையாக்கிக்கொண்டிருந்தபோது, 13-ஆம் நூற்றாண்டு வாக்கில், பவணந்தி முனிவர் நன்னூல் எழுதினார். பெருந்துறைப் பக்கத்துச் சீனாபுரம்தான் அவர் ஊர் என்று கொங்குக்காரர்கள் அடித்துச் சொல்வோம். மைசூர்ப் பக்கம் என்று சொல்கிறவர்களுக்குக் காப்பி கிடையாது. இறந்தகாலத்துக்கு மட்டும் த், ட், ற், இன் என்று நாலு இடைநிலை வைத்தார். வந்தான், உண்டான், தின்றான், ஓடினான். ஆடு மேய்க்கிற பையனும் இந்த நாலையும் தூக்கத்தில்கூடத் தப்பில்லாமல் போடுவான். அவனைத்தான் பிடித்துவந்து ஒற்றை ஈடிக்காக முட்டி போட வைத்தார்கள்.

ஆங்கிலப் படிப்பைக் கொண்டுவந்து அப்படி வைத்த புண்ணியவான் மெக்காலே. 1834 ஜூனில் மதராஸில் இறங்கியவரைப் பல்லக்கில் ஏற்றி, நம் ஆட்கள் ஊட்டிவரை தோளில் சுமந்து போனார்கள். அங்கே ஓயாத மழை. வந்த இடத்தில் 'கிளாரிஸா' என்ற தலையணை நாவலைக் கடன் கொடுத்து, மலையில் இருந்த வெள்ளைக்காரர்களை எல்லாம் அழவைத்தார். நன்னூல் பிறந்த சீமையை எட்டிப் பார்க்கிற மலையில் இத்தனை நாள் இருந்தும், 'இங்கே இலக்கணம் ஏதாவது உண்டா?' என்று கீழே ஒரு ஆளை அனுப்பிக் கேட்டதாகத் தெரியவில்லை. 1835 பிப்ரவரி 2-ல், தனக்குச் சமஸ்கிருதமும் அரபியும் தெரியாது என்று தானே எழுதிவிட்டு, நல்ல ஐரோப்பிய நூலகத்தின் ஒரு தட்டுக்கு இந்திய, அரேபிய இலக்கியம் மொத்தமும் ஈடாகாது என்று தீர்ப்பும் எழுதினார். படிக்காமலே பரீட்சை எழுதி முதல் மார்க் வாங்கியவர் அவர் ஒருவர்தான்.

பிறகு ரென் அண்டு மார்ட்டின். இந்தியாவில் கல்வித் துறையில் இருந்த பி.சி. ரென், 1924-ல் 'பியூ ஜெஸ்ட்' நாவலில் பிரெஞ்சுப் பட்டாளத்தைச் சகாராவில் வரிசையாகச் சாகடித்தவர். மார்ட்டினோடு சேர்ந்து எழுதிய இலக்கணப் புத்தகத்தில் விழுந்தவர்கள் அதைவிட அதிகம்.

பன்னிரண்டு டென்ஸையும் பார்த்து மிரண்டவர்கள் பஸ் ஏறித் திருப்பூர் பனியன் கம்பெனியில் சேர்ந்தார்கள். அங்கேதான் பிரச்சினை தீர்ந்தது. கட் பண்ணு, செக் பண்ணு, அயர்ன் பண்ணு, பேக் பண்ணு. பண்ணுனேன், பண்றேன், பண்ணுவேன். 'கட்' அடங்காத வினை, 'செக்' அடங்கிய வினை என்கிற ஜாதி பேதமெல்லாம் பண்ணுவிடம் செல்லாது.

கொச்சை என்று மூக்கைச் சுளிக்காதீர்கள். 1066-ல் நார்மன்காரர்கள் நுழைந்து, பின்னாலேயே பிரெஞ்சு வினைகள் குவிந்தபோது, ஆங்கிலேயனும் எதையும் யோசிக்காமல் எல்லாவற்றின் பின்னாலும் ஈடியை ஒட்டினான். அந்த ஈடியே ஆதியில் 'செய்தான்' என்ற தனிச்சொல்தான், வினைக்குப் பின்னால் ஒட்டி ஒட்டித் தேய்ந்துபோனது என்பது மொழியாராய்ச்சிக்காரர்கள் பலருடைய கணிப்பு. அப்படியானால் 'வாக்கெட்' என்பதன் ஆதிப்பொருள் 'வாக் பண்ணுனான்'. முட்டி போட்டவனுக்கு யாராவது இதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

காலத்தைக் கையாள்வதில் திருப்பூர் இன்னும் ஒரு படி மேலே போய்விட்டது. 1970களின் கடைசியில் இத்தாலிக்காரர்கள் வெள்ளை பனியன் தேடி வந்த நாளிலிருந்து, வெளிநாட்டு பையர் "ஷிப்மென்ட் என்ன ஆச்சு?" என்று கேட்டால் பதில் ஒன்றுதான்: "அனுப்பிச்சாச்சுங்." துணி அப்போதுதான் டையிங்கிலிருந்து வந்து, ஈரம் காயாமல் கிடக்கும்.

பொய் என்று பையர் நினைக்கலாம். அவர் நன்னூல் படிக்காதவர். விரைவு காரணமாக எதிர்காலத்தை இறந்தகாலமாகச் சொன்னால் குற்றமில்லை என்று சீனாபுரத்துக்காரர் அன்றைக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.