கடுவனும் கட்டைத் தரையும்: டென்மார்க்கில் பூனை மூத்திரம் குறித்த ஒரு முன்னாய்வு

பூனை மூத்திரத்தை ஆராய்வதற்கென்றே ஒரு நாடு அமைய வேண்டுமானால் அது டென்மார்க்காகத்தான் இருக்க முடியும் என்பது இவ்வாய்வின் கருதுகோள். இதற்கு நல்கை வழங்க எந்தப் பல்கலைக்கழகமும் இன்னும் முன்வரவில்லை. அதைக் கருதுகோளின் குறையாகக் கொள்ளலாகாது.

சான்றுகள் பல. கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வுக்கூடத்தில், பீர் காய்ச்சும் தானியத்தில் புரதம் எவ்வளவு என்று அறிய, யொஹான் கெல்டால் 1883-இல் ஒரு வழி கண்டார்: பொருளைக் கந்தக அமிலத்தில் கொதிக்கவிட்டு, அதிலுள்ள நைட்ரஜனை அம்மோனியாவாக வடித்து அளப்பது. அதே ஆய்வுக்கூடத்தில் 1909-இல் சோரன்சன் பி.எச். அளவுகோலை வகுத்தார். ஆர்ஹூஸில் யென்ஸ் ஸ்கோ நண்டு நரம்பைக் குடைந்து, உயிரணுவிலிருந்து சோடியத்தை இறைத்து வெளியேற்றும் ஒரு பம்பு உண்டு என்று 1957-இல் எழுதினார்; அதற்கான நோபல் பரிசு 1997-இல்தான் வந்தது. மூவரின் நோக்கமும் வேறு வேறு. மூவரையும் ஒரே அறையில், கதவு மூலையில், அரை நிமிடத்தில் சேர்த்துவைப்பது பூனை.

எங்ஙனம் எனின்: வீட்டுப்பூனை பாலைநிலக் காட்டுப்பூனையின் வழிவந்தது. அதன் சிறுநீரகம், ஸ்கோ கண்ட பம்பின் துணையால், நீரை மீட்டுக்கொண்டு யூரியாவைக் கெட்டியாக்கி அனுப்பும். தரையில் காத்திருக்கும் பாக்டீரியாக்கள் அந்த யூரியாவை அம்மோனியாவாக்கும். கெல்டாலுக்குக் கொதிக்கும் அமிலம் தேவைப்பட்டது. இவற்றுக்கு, வீட்டார் ஊருக்குப் போன ஒரு வார இறுதி போதும். விழும்போது சற்றே அமிலமாக இருந்தது, சோரன்சன் அளவுகோலில் ஏழைத் தாண்டி ஏறத் தொடங்கும்.

அஃதேல், பீட்ரூட் ஊறப்போட டென்மார்க்கில் வீட்டுக்கு வீடு வைத்திருக்கும் வினிகரை ஊற்றினால் நெடி போகாதோ எனின், பாதி போகும். வினிகர் அம்மோனியாவை அடக்கும், மறுபாதி ஃபெலினின். இது கந்தகம் கொண்ட ஓர் அமினோ அமிலம், காயடிக்காத கடுவனின் மூத்திரத்தில் மிகுதி. ஜப்பானில் மியாசாகி குழுவினர், காக்சின் என்ற புரதம் இதன் உற்பத்தியை நடத்துவதை 2006-இல் காட்டினர். ஃபெலினின் மெல்ல மெல்லச் சிதைந்து கந்தக நாற்றத்தை விடுவதால், துடைத்துவிட்டோம் என்று வீட்டார் நிம்மதியாக இருக்கும் மூன்றாம் நாள்தான் அது தன் முழுத் திறமையைக் காட்டுகிறது.

குளோரின் கரைசலை ஊற்றுவோரும் உளர். அம்மோனியாவோடு அது சேர்ந்தால் குளோரமின் என்ற நச்சு வாயு கிளம்பும். எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதைதான், எலியின் இடத்தில் பூனை. அம்மோனியா கலந்த துப்புரவு நீர் இன்னும் மோசம். வேறொரு பூனை அந்த மூலைக்குப் பட்டா வாங்கிவிட்டது என்று நம் பூனை எண்ணி, உடனே மேல்முறையீடு செய்யும். பென்சால்கோனியம் குளோரைடு கலந்த நாற்றநீக்கியோ, காயும் முன் பூனை நக்கினால் வாயைப் புண்ணாக்கிவிடும். செய்யத் தக்கது சலிப்பூட்டும் அளவுக்கு எளிது: தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், நொதி கலந்த துப்புரவு நீரை, மூத்திரம் இறங்கிய ஆழம் வரை இறங்கும்படி ஊற்றி, தானாகக் காயவிட வேண்டும். அவசரப்பட்டால் நொதி வேலை செய்யாது.

இனி, பூனைத்தொட்டியில் இடும் மணல். அமெரிக்காவின் மிச்சிகனில் 1947-இல் எட்வர்ட் லோவ் என்பவர் அண்டை வீட்டுப் பெண்ணுக்கு மணலுக்குப் பதில் உறிஞ்சும் களிமண் கொடுத்ததிலிருந்து இத்துறையின் வரலாறு தொடங்குகிறது என்பர். டென்மார்க்கின் பங்கு இதனினும் பழையது, 5.5 கோடி ஆண்டு. லிம்ஃபியோர்டு நீர்ப்பரப்பில் மோர்ஸ், ஃபூர் என்ற இரு தீவுகள் உண்டு. அங்கே தோண்டி எடுக்கப்படும் மோலேர் என்ற மண்ணில் மூன்றில் இரு பங்கு டயட்டம் என்னும் நுண்பாசியின் கண்ணாடி ஓடுகள், ஒரு பங்கு களிமண். வட அட்லாண்டிக் பிளந்து திறந்த காலத்து எரிமலைச் சாம்பல் ஏறத்தாழ 180 அடுக்குகளாக இடையிடையே படிந்திருக்கிறது. ஓடுகளில் எண்ணற்ற துளைகள் இருப்பதால் மோலேர் நீரை வாங்கி வைத்துக்கொள்ளும். எனவே அதைச் சுட்டு, குருணையாக்கி, பூனைத்தொட்டி மணலாகப் பையில் கட்டி விற்கிறார்கள். அதே மண்ணிலிருந்து கிடைத்த மீன், பறவை, ஆமை, பூச்சிப் புதைபடிவங்கள் இரு தீவுகளின் அருங்காட்சியகங்களிலும் உள்ளன. அறிவியலுக்கு அரிதான புதைபடிவம் யாருக்குக் கிடைத்தாலும் அது 'டேனக்ரே', அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது டென்மார்க்கின் சட்டம். தொட்டியில் அன்றாடம் அள்ளப்படுவது இச்சட்டத்தின் கீழ் வராது என்பதே ஆய்வாளரின் துணிபு.

நிலவியலுக்கு அடிக்கல் நாட்டியவரும் கோபன்ஹேகனில் பிறந்தவரே. நீல்ஸ் ஸ்டென்சன், அதாவது ஸ்டெனோ, 1669-இல் சொன்ன விதி: கீழ் அடுக்கு பழையது, மேல் அடுக்கு புதியது. தொட்டியில் இவ்விதி செல்லுமோ எனின், செல்லாது. பூனை கிளறிப் புரட்டி மூடிவிடுகிறது. மோர்ஸ் தீவின் ஹன்க்லிட் பாறையிலும் மோலேர் அடுக்குகள் மடிந்து சாய்ந்தே நிற்கின்றன. அங்கே புரட்டியது பனியுகத்துப் பனியாறு. ஆகவே பூனையைப் பனியாற்றுக்கு இணையான புவிச்சக்தியாகக் கொள்க.

இத்தனை இருந்தும் பூனை ஏன் தொட்டிக்கு வெளியே போகிறது? இக்கேள்வியை ஹேர்னிங் நகரத்து ஈழத்து அம்மம்மா ஒருவரிடம் வைத்தபோது, கருதுகோளே தேவையில்லை என்பது தெரிந்தது. "பூனையில பிழையில்லை பிள்ளை. கோடிக்குள்ள போனதைக் குளியலறைக்குள்ள போகச் சொன்னது ஆர்?" கோடி என்பது ஈழத்து வழக்கில் வீட்டின் பின்புறம். விலங்கு மருத்துவர்கள் இதையே நீட்டிச் சொல்வர்: பூனைகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டித் தொட்டி வையுங்கள், தொட்டி பெரிதாக இருக்கட்டும், வாசனை மணல் வேண்டாம், சத்தமிடும் இயந்திரத்தின் அருகே வேண்டாம். கோபன்ஹேகனின் பழைய அடுக்ககங்களில் குளியலறை என்பது கழிவறைப் பீங்கானுக்கு நேர் மேலே ஷவர் தொங்கும் ஒரு பொந்து. அதற்குள் துணி துவைக்கும் இயந்திரமும் உண்டு. இரண்டு பூனைக்கு மூன்று தொட்டி என்ற விதியைக் கடைப்பிடித்தால் மனிதர் வெளியேதான் குளிக்க வேண்டும். மூடி போட்ட தொட்டி மனித மூக்கைக் காக்கிறது. பூனையின் மூக்கு மூடிக்குள்ளே இருக்கிறது என்பதை வடிவமைத்தவர்கள் கருதவில்லை.

ஒன்றை மட்டும் விளையாட்டின்றிச் சொல்ல வேண்டும். கடுவன் தொட்டியில் குந்தி முக்கியும் மூத்திரம் வராவிட்டால் அது பிடிவாதமல்ல, அடைப்பு. அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். காத்திருந்தால் உயிர் போகும்.

கட்டைத் தரைக்கு வருவோம். டேனியர் மரத்தரைக்கு வார்னிஷ் பூசாமல் சோப்புச் சீவலைக் கரைத்துத் தேய்க்கும் வழக்கம் உடையவர்கள். வெளுத்த, மெத்தென்ற அழகு வரும். எதையும் உள்ளே வாங்கிக்கொள்ளும் நுண்துளைகளும் மிஞ்சும். ஓக் தரையானால் அம்மோனியா மரத்தின் டானினோடு வினைபுரிந்து கறுப்பாக்கும். 'புகைத்த ஓக்' என்று அதிக விலை சொல்லி விற்கும் நாற்காலிகளுக்குத் தச்சுப்பட்டறையில் அம்மோனியா ஆவி காட்டியே அந்த நிறத்தை ஏற்றுகிறார்கள். பூனை இதே கைத்தொழிலை இலவசமாகச் செய்கிறது, இடத்தேர்வு மட்டும் அதனுடையது. பழைய கறைகளைக் கண்டறியப் புற ஊதா விளக்குப் பிடித்தால் அவை மின்னும். அறை இருட்டாக இருக்க வேண்டும். டிசம்பரில் பிற்பகல் நாலு மணிக்கு முன்பே கோபன்ஹேகனில் சூரியன் மறைந்துவிடுவதால், களப்பணிக்கு இந்நாடு உகந்தது என்ற நம் கருதுகோள் மேலும் வலுப்பெறுகிறது.

இறுதியாகக் கழிவு. வீட்டுக்குப்பையைப் பத்து வகையாகப் பிரிக்கச் சொல்லும் நாட்டில், பயன்படுத்திய பூனை மணல் எஞ்சிய குப்பையோடு சேர்ந்து எரியுலைக்குப் போகிறது. கோபன்ஹேகனில் அந்த உலை, கூரைமேல் பனிச்சறுக்குச் சரிவு வைத்துக் கட்டிய அமாயர் பக்கே. குப்பை எரிந்த சூடு குழாய் வழியே வீடுகளுக்குத் திரும்புகிறது. மோலேர் எரியாது. எஞ்சும் அடிச்சாம்பலிலிருந்து உலோகத்தைப் பிரித்துவிட்டுச் சாலைக்கு அடியில் நிரப்புகிறார்கள். கோடிக்கணக்கான ஆண்டு மண்ணுக்குள் கிடந்த கடலடி, சில நாள் குளியலறையில் இருந்துவிட்டு, தாருக்குக் கீழே போய் அடுக்காகப் படிகிறது. அந்த அடுக்கில் ஸ்டெனோவின் விதி செல்லும், பூனைக்கு எட்டாது.