பார்சல் சைக்கிளார்

ஆலப்புழை எக்ஸ்பிரஸ் கிளம்புவதற்கு மூன்று மணி நேரம் முன்னால் சென்னை சென்ட்ரல் பார்சல் ஆபீஸ் பக்கம் போனால் பார்சல் சைக்கிளாரைச் சந்திக்கலாம். நாற்பதைத் தாண்டியவர். ஐ.டி. கம்பெனி மேனேஜராகவோ பல் டாக்டராகவோ இருப்பார். கையில் கோணி ஊசி, பல்லிடுக்கில் சணல். ஒன்றரை லட்ச ரூபாய் சைக்கிளைச் சாக்குக்குள் வைத்துத் தைத்துக்கொண்டிருப்பார்.

"எட்டரைக் கிலோதான் சார், ஒரு விரலால தூக்கலாம்" என்பார். அட்டை, பபிள் ராப், தெர்மாகோல், மாமனாரின் பழைய வேட்டி, எல்லாவற்றுக்கும் மேல் இரட்டைச் சாக்கு என்று சுற்றி முடித்துத் தராசில் ஏற்றினால் முள் இருபதுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். எடை குறைய வேண்டும் என்றுதான் அந்த ஒன்றரை லட்சத்தையே கொடுத்திருக்கிறார்.

கவுன்டரில் இருப்பவர் அனுபவஸ்தர். "ஆலுவாவா? அங்க வண்டி ரெண்டு நிமிஷந்தான் சார் நிக்கும். பிரேக் வேன்ல இருந்து இறக்க நேரம் வேணாமா? எர்ணாகுளம்னு போட்டுக்குங்க."

ஆலுவா வந்த பிறகும் இறங்காமல் அடுத்த ஊருக்குப் போய், அங்கே சாக்கைப் பிரித்து, திரும்ப ஆலுவாவுக்கே வர வேண்டும். வேறு ஆளாக இருந்தால் எர்ணாகுளத்திலிருந்தே மிதித்துக் கிளம்பியிருப்பார். இவரால் முடியாது. அவர் மிதித்து ஏறப்போகும் ரோட்டுக்குப் பெயரே ஆலுவா–மூணாறு ரோடு. பெரியாற்றங்கரையில் ஆரம்பித்து, பெரும்பாவூர், கோதமங்கலம், நேரியமங்கலம், அடிமாலி வழியாக ஏறக்குறைய 110 கிலோமீட்டர். கடல்மட்டத்தை ஒட்டிய ஊரிலிருந்து 1,500 மீட்டர் உயரத்துக்கு ஏற்றம். ஸ்ட்ராவா ஆப்பில் 'ஆலுவா டு மூணாறு' என்று வராவிட்டால் ரயிலேறியது வீண்.

காலையில் எர்ணாகுளம் சவுத்தில் பிரேக் வேன் கதவு திறக்கும்வரை, பிரசவ வார்டு வாசலில் நிற்கும் மாப்பிள்ளை மாதிரி நடந்துகொண்டிருப்பார். சாக்கு இறங்கியதும் முதலில் தடவிப் பார்ப்பது பின்சக்கரத்துப் பக்கம் தொங்கும் கியர் ஹேங்கரை. சுண்டுவிரல் நீளத்து அலுமினியத் துண்டு அது. லேசாக வளைந்தாலும் கியர் தாறுமாறாக விழும். அது வளைந்துவிடுமோ என்கிற பயத்தில் அவர் ராத்திரி முழுக்கத் தூங்கியிருக்கமாட்டார். அவருக்கு மேல் பெர்த்காரரும் தூங்கியிருக்கமாட்டார்.

பிறகு பிளாட்பாரத்திலேயே கல்யாணப் பந்தி அளவுக்குக் கடை விரிக்கிறார். பெடல் மாட்டும்போது, பக்கத்தில் நிற்கும் போர்ட்டருக்கு ஒரு பாடம்: "வலது பெடல் சாதா மரை. இடது பெடல் எதிர் மரை. தெரியாமத் திருப்பினா போச்சு." போர்ட்டர் பொறுமையாகத் தலையாட்டுவார். அவருடைய மகன் ஆலுவாவில் சைக்கிள் கடை வைத்திருக்கக்கூடும். அதையெல்லாம் கேட்க இவருக்கு நேரமில்லை.

எர்ணாகுளத்திலிருந்து ஆலுவா இருபது கிலோமீட்டர்தான். "மிதித்தே போயிடலாமே?" என்று இந்த இனத்தைச் சேர்ந்த ஒருவரிடம் கேட்டுப் பார்த்தேன். "மெட்ரோ இருக்கே!" என்றார். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஆலுவாவிலிருந்து புறப்படும் கொச்சி மெட்ரோ ஓட ஆரம்பித்தது 2017 ஜூனில். பெட்டிக்குள் சைக்கிளை ஏற்றலாம் என்று அனுமதித்தது 2020 நவம்பரில். முதல் தேதி அவருக்கு ஞாபகமில்லை. இரண்டாவதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

இவர்களிலேயே பெர்த்துக்கு அடியில் கட்சி என்று ஒன்று உண்டு. பிரேக் வேனை நம்பாத கட்சி. இரண்டு சக்கரத்தையும் கழற்றி, ஹேண்டில்பாரைத் திருப்பி, எல்லாவற்றையும் ஒரு கறுப்புப் பையில் அடைத்து, குடும்பத்தோடு வந்தவர்களின் தண்ணீர்க் கேனையும் பலாப்பழத்தையும் நகர்த்தி உள்ளே தள்ளுவார்கள். டி.டி.இ. வந்து காலால் தட்டி "என்ன இது?" என்றால் ரைட் சகோதரர்களில் ஆரம்பிப்பார்கள். அவர்களும் சைக்கிள் கடைக்காரர்கள்தானே. 1903இல் விமானத்தையே உதிரி உதிரியாகப் பெட்டிபெட்டியாக ஊர்விட்டு ஊர் கொண்டுபோய்த்தானே பறந்தார்கள்? டி.டி.இ.க்கு இன்னும் நாலு பெட்டி பார்க்க வேண்டியிருக்கும். போய்விடுவார்.

இந்தக் கட்சிக்காரர் மட்டும் ஆலுவாவிலேயே இறங்கலாம். அந்த இரண்டு நிமிடத்துக்காக அங்கமாலியிலேயே பையோடு கதவருகே நின்று, வழியில் வருகிற ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டு, கடைசியில் பை முதலில் இறங்குவதா தான் முதலில் இறங்குவதா என்பதில் அரை நிமிடத்தைத் தொலைப்பார். ஸ்டேஷன் வாசலில் ஆட்டோக்காரர் பையை ஏற இறங்கப் பார்ப்பார். "சேட்டா, கானமேளைக்கு வந்நதாணோ?" கச்சேரிக்காரர் என்று நினைத்துக் கேட்ட மனிதரிடம் கியர் ஹேங்கர் பற்றிச் சொல்ல ஆரம்பித்துவிடுவார்.

மலையேற உடம்பு ஒத்துழைக்காத வருடம் என்றால் மட்டாஞ்சேரி. வைப்பினிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்குப் போகும் ஜங்கார் படகில் சைக்கிளோடு ஏறி நின்றால் இவருக்கு ஆனந்தம். இன்னொரு வாகனம் தன் வாகனத்தைச் சுமக்கிறதல்லவா. மட்டாஞ்சேரியில் 1568இல் கட்டிய யூத ஜெபாலயத்துக்குப் பக்கத்தில் எடுத்த படம் அவரிடம் இருக்கிறது. செயின் இருக்கும் பக்கம் கேமராவைப் பார்க்க, வால்வு இரண்டும் ஒரே நிலையில் நிற்க, சைக்கிள் கம்பீரமாக இருக்கும். ஜெபாலயத்தின் மணிக்கூண்டு ஹேண்டில்பாருக்கு மேல் கொஞ்சம் தெரியும்.

மூணாறு சவாரியைப் பற்றி அவரிடம் கேட்டால் அதிகம் கிடைக்காது. நேரியமங்கலத்தில் 1935இல் திறந்த வளைவுப் பாலம் 'குறுகல்'. சீயப்பாறை அருவியில் 'கூட்டம்'. அடிமாலிக்கு அப்பால் என்ன நடந்தது என்பது கொஞ்சம் மங்கல். ஒரு ஜீப்பின் மேற்கூரையில் சைக்கிளைக் கட்டிய விதத்தை மட்டும், முடிச்சு முடிச்சாக, துல்லியமாகச் சொல்வார். மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒரு காலத்தில் குண்டளை ரயில் ஓடியது. தேயிலைப் பெட்டிகள் அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கித் தமிழ்நாட்டுப் பக்கம் இறங்கின. 1924 வெள்ளம் அந்த ரயிலை அடித்துக்கொண்டு போய்விட்டது. நூறு வருடமான அந்த இழப்புக்கு இன்று உண்மையாகவே வருந்துகிறவர் இவர் ஒருவர்தான்.

மூணாறில் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்ததும் மலையைப் பார்க்கமாட்டார். திரும்பிப் போகும் பேக்கிங் கவலை. தெரிந்த மலையாளத்தைத் திரட்டுவார். "சேட்டா, இவிடெ நல்ல சாக்கு எவிடெ கிட்டும்?"

டீ ஆற்றுகிறவருக்குப் பூர்வீகம் தேனிப் பக்கம். "சாக்கு எதுக்குங்க? இப்படியே போடிமெட்டுக்குப் போயிருங்க. அதத் தாண்டினா ஊரு வரைக்கும் இறக்கந்தான். மிதிக்கவே வேணாம், பிரேக்கப் புடிச்சுக்கிட்டே போடில போய் நிக்கலாம்."

நம்மவர் யோசித்தார். போடிக்கு 2023 ஜூனிலிருந்து சென்னை ரயில் வருகிறது என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"சரிண்ணே, போடி ஸ்டேஷன்ல பார்சல் புக்கிங் உண்டா?"