காருத் தாவணி

வா கண்ணு, இப்படித் திண்ணையில உக்காரு. மொதல்ல அந்தக் கூலிங் கிளாசைக் கழட்டு. ஊட்டுக்குள்ளயுமா வெயிலடிக்குது? போன ஞாயித்துக்கெழமை எம்பட பேரன் என்னையக் கூட்டீட்டுப் போயி ஒரு கூத்தைக் காட்டிப்போட்டான். அதை யாருகிட்டயாச்சும் சொல்லாட்டி எனக்குச் சோறு எறங்காது. நீதான் மாட்டுனே.

வெடியால ஆறு மணி. கோயமுத்தூரு அவினாசி ரோட்டுப் பக்கம் ஒரு மைதானம். பழைய காருக எல்லாம் கண்ணாலப் பொண்ணாட்ட நிக்குது. அம்பாசிடரு, பியட்டு, எரால்டு, மோரீசு, வில்லீசு ஜீப்பு. ஒவ்வொண்ணு பக்கத்துலயும் ஒரு ஆளு. அந்த ஆளு கையில மெத்துமெத்துன்னு ஒரு துணி. தொடைக்கறான், தொடைக்கறான், தொடைச்சுட்டே இருக்கறான். நாங்க மாட்டைப் பொங்கல் நோம்பிக்குத்தான் அப்படித் தேச்சுக் குளிப்பாட்டுவோம். இவன் தெனைக்கும் குளிப்பாட்டுவானாட்ட இருக்குது. கிட்டப் போயி, "ஏனுங்க, நேரத்துக்கு எத்தனை லிட்டரு கறக்குதுங்க?"ன்னு கேட்டேன். பேரன் கையைப் புடிச்சு இழுத்துப்போட்டான்.

"அப்பாரு, இது கிளாசிக் காரு கிளப்பு. உங்க லொள்ளை இங்க வெச்சுக்காதீங்க."

கிளப்பாமா. எங்க காலத்துல கிளப்புன்னா இட்லி, காப்பி. நானும் நம்பி வெறும் வயித்துல போயிட்டேன்.

அங்க மொத சண்டையே எது விண்டேஜு, எது கிளாசிக்குன்னு. சீமைக்காரன் கணக்குல 1919லிருந்து 1930க்குள்ள செஞ்சதுதான் விண்டேஜாம். நம்ம டில்லி அதுக்கு ஒரு படி மேல. 2021ல ஒரு சட்டம் போட்டாங்க. மொதமொத பதிவு பண்ணி 50 வருசம் தாண்டியிருக்கோணும், உருவத்தைப் பெருசா மாத்தியிருக்கப்படாது. அப்ப அது விண்டேஜு. நெம்பர் பிளேட்டுல 'வீ.ஏ.'ன்னு ரெண்டெழுத்துப் போட்டுக் குடுப்பாங்க. பதிவுக்கு 20,000 ரூவா, பின்னால புதுப்பிக்க 5,000. ஆனா தெனைக்கும் ஓட்டப்படாது. வாடகைக்கு உடப்படாது. கண்காட்சிக்குப் போலாம், ஊர்வலம் போலாம், ரிப்பேருக்குப் போலாம், எண்ணெ போடப் போலாம். புரிஞ்சுதா கண்ணு? எண்ணெ போடறதுக்கு ஓட்டலாம், ஓட்டறதுக்கு எண்ணெ போடப்படாது.

சிரிக்காத. எனக்கும் அதே சட்டந்தான். கண்ணாலத்துக்கும் ஆசுபத்திரிக்கும் மட்டுந்தான் என்னைய வெளிய எடுக்கறாங்க. பிளேட்டு ஒண்ணுதான் பாக்கி.

சித்த நேரம் ஒரு வேப்பமரத்தடியில நின்னு பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு வேற ஒண்ணு ஞாபகத்துக்கு வந்துச்சு. நீ கண்ணபுரம் மாட்டுத்தாவணிக்குப் போயிருக்கறயா? வெள்ளகோயில் பக்கம், மாரியம்மன் தேரோட ஒட்டுக்காக் கூடும். அந்தியூரு குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாவுக்காச்சும் போயிருக்கறயா? குதிரையும் மாடும் கண்ணுக்கெட்டுன தூரம் நிக்கும். போனதில்லையா? சரி, போன்ல பார்த்திருப்ப.

தாவணியில காங்கேயங்காளையை எப்படிப் பார்ப்பாங்க? வாயைப் பொளந்து பல்லைப் பார்ப்பாங்க. சுழியைப் பார்ப்பாங்க. நடக்க உட்டுப் பார்ப்பாங்க. அப்பறம் துண்டுக்குள்ள கையை உட்டு வெரலைப் புடிச்சு வெலை பேசுவாங்க. பக்கத்துல நிக்கறவனுக்கு ஒரு மசுரும் தெரியாது. இங்கயும் அதேதான். பல்லுக்குப் பதிலா பானெட்டைத் தொறந்து பார்க்கறான். சுழிக்குப் பதிலா எஞ்சின் நெம்பரும் சேசிஸ் நெம்பரும் புஸ்தகத்தோட பொருந்துதான்னு பார்க்கறான். நெம்பரு மாறியிருந்தா, கெட்ட சுழி மாட்டைப் பார்த்த மாதிரி மூஞ்சியைச் சுளிக்கறான். வெலை கேட்டா ரெண்டு பேரும் தள்ளிப் போயிக் குசுகுசுங்கறாங்க. துண்டு மட்டுந்தான் இல்லை. பொய்யும் அதே பொய்யிதான். "ஒரே கை ஓட்டுன வண்டிங்க"ங்கறான். "ஒரே கட்டுத்தரையில வளந்த மாடுங்க"ன்னு சொன்னவனோட பேரனா இருப்பான்.

ஒரு வித்தியாசம் இருக்குது. தாவணிக்கு மாடு நடந்து வரும். இங்க பாதிக் காரு லாரி மேல ஏறி வருது! மைதானத்து ஓரத்துல பலகையைப் போட்டு, ஆறு பேரு புடிச்சு, பச்சக் கொழந்தையாட்ட எறக்கறாங்க. "ஏனுங்க, ஓடாதுங்களா?"ன்னேன். "ஓடும், டயரு தேயக்கூடாதுல்லங்க"ன்னாரு. செருப்பு தேயுமுன்னு கையில புடிச்சுட்டு நடந்த எங்க சின்னக்கவுண்டரு நெனப்பு வந்துச்சு. அவருகிட்டயாச்சும் ஒரே ஒரு ஜோடிதான் இருந்துச்சு.

எங்கூட்டு அம்பாசிடரு கதை தெரியுமா உனக்கு? கை கியரு வண்டி. அந்தக் காலத்துல காருக்குப் பணம் கட்டிப்போட்டு வருசக்கணக்குல காத்துக் கெடக்கோணும். நாங்க காத்துக் கெடக்காம செகண்ட் கையில வாங்குனோம். அதுல ஒரம்பரை ஒம்பது பேரு போவோம். வாழைத்தாரு போகும். ஒருக்கா சீக்கு வந்த கன்னுக்குட்டியே பின் சீட்டுல உக்காந்து மாட்டாசுபத்திரிக்குப் போச்சு. 2014ல உத்தரபாராவுல அந்தக் காரு செய்யறதையே நிறுத்திப்போட்டாங்கன்னு பேப்பர்ல படிச்சேன். எங்களுது அதுக்கு முன்னாலயே படுத்திருச்சு. தொண்டுப்பட்டிக்குப் பக்கத்துச் சாளையில தள்ளி உட்டோம். கோழி முட்டை வெச்சுது.

போன வருசம் இந்த மாதிரிப் பழைய காரு ஆசைக்காரத் தம்பி ஒருத்தன் தேடி வந்தான். சாளைக் கதவைத் தொறந்ததும் கண்ணுல தண்ணியே வந்திருச்சு அவனுக்கு. தூசியாலன்னு நெனச்சேன். பக்தியாலயாமா. மருவாதிக்கு நாந்தான் துண்டை எடுத்துத் தூசியைத் தட்டப் போனேன். "ஐயோ, தொடாதீங்க! அது பாட்டினா!"ன்னு கத்தறான்.

"பாட்டியா? அவ போயி நாலு வருசமாச்சே தம்பி"ன்னேன்.

காலத்தால ஏறுற துருவுக்கும் மங்கலுக்கும் அப்படிப் பேராமா. அது இருந்தாத்தான் வெலையாமா. கோழி எச்சம் பாட்டினாவுல சேருமான்னு கேட்டேன், யோசிக்கறான்! அப்பறம் உள்ள பார்த்தான். பம்பு செட்டு ரப்பரு ஒண்ணு, டிராக்டரு போல்ட்டு ரெண்டு, சாக்குத் தெக்கற நூலுல தெச்ச சீட்டு. "ஒரிஜினாலிட்டி போயிருச்சுங்களே"ன்னு ஒப்பாரி வெக்கறான். கண்ணு, அந்த பம்பு செட்டு ரப்பரு இருந்ததாலதான் அது முப்பது வருசம் ஓடுச்சு. ஒரிஜினலு ரப்பரை நம்பியிருந்தா மூணாம் வருசமே கோழிக்குக் குடுத்திருப்போம்.

ஒரிஜினலுன்னா என்னன்னு தெரியோணுமா? நம்ம ஜி.டி. நாயுடுவைப் பாரு. 1893ல கலங்கல்ல பொறந்த மனுசன். வெள்ளைக்கார அதிகாரி ஒருத்தரோட ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மனசைப் பறிகுடுத்தாரு. கோயமுத்தூருக்கு வந்து ஓட்டல்ல வேலை பார்த்துக் காசு சேர்த்தாரு. வண்டியை வாங்குனாரு. வாங்கி என்ன பண்ணுனாரு, மெத்துத்துணியில தொடைச்சாரா? அக்குவேறு ஆணிவேறாக் கழட்டிப்போட்டாரு. மறுக்கா மாட்டுனாரு. 1920ல ஒரே ஒரு பஸ்சு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவால, அவரேதான் ஓட்டுனாரு. 1933ல அவரோட யூ.எம்.எஸ். பஸ்சுக் கம்பெனியில 280 பஸ்சு. தேயுமுன்னு டயரைக் கையில புடிச்சுட்டு நடந்திருந்தா ஆகுமா?

அவரு பேருல அவினாசி ரோட்டுல கார் மியூசியம் இருக்குது பாரு, 2015ல தொறந்தது. பேரன் அங்கயும் கூட்டீட்டுப் போனான். மூணு சக்கரத்துல ஒண்ணு நிக்குது, உலகத்துல மொத காரு, 1886ல பென்ஸு செஞ்சதோட அச்சு அசல் நகலு. ரிச்சாவுலிருந்து ரிச்சாக்காரனைக் கழட்டுன மாதிரி இருக்குது. எல்லாரும் பென்ஸு பேரைச் சொல்றாங்க. எனக்கு அந்தூட்டம்மிணி பெர்த்தாவைத்தான் புடிச்சுது. 1888ல, புருசனுக்குச் சொல்லாம, ரெண்டு பசங்களை ஏத்தீட்டு அந்த மாதிரி வண்டியில அம்மா ஊருக்குக் கெளம்பிப்போட்டா. நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். பெட்ரோல் பங்கு ஏது அப்ப? மருந்துக்கடையில கறை போக்கற எண்ணெய வாங்கி ஊத்துனா. எண்ணெக் குழாய் அடைச்சுது. தொப்பி ஊசியை உருவிக் குத்தி எடுத்தா. பிரேக்கு தேஞ்சுது. செருப்புத் தெக்கறவருகிட்ட நிறுத்தித் தோல் வெச்சா. ஒரிஜினாலிட்டி போச்சேன்னு அழுதாளா? அம்மா ஊட்டுக்குப் போயிச் சேர்ந்தா.

எங்கப்பன் சொல்லும், ரெண்டாம் உலகச் சண்டையப்ப பெட்ரோலு இல்லாம பஸ்சுக்குப் பொறத்தால கரியடுப்பைக் கட்டி ஓட்டுனாங்கன்னு. கிளீனரு சக்கரத்தைச் சுத்திச் சுத்திக் காத்தடிப்பானாமா. "அப்படி ஒண்ணைச் செஞ்சு கொண்டாங்களே"ன்னு அந்தக் கிளப்புத் தலைவருகிட்டச் சொன்னேன். தன்னோட வெள்ளைச் சட்டையை ஒருக்காப் பார்த்தாரு. பேச்சை மாத்திப்போட்டாரு.

குத்தமே சொல்றேன்னு நெனைக்காத. ஒண்ணை ஒத்துக்கறேன். மைதானத்து மூலையில, எல்லாருக்கும் பின்னால, ஒரு மிஸ்திரி உக்காந்திருந்தாரு. என் வயசு இருக்கும். காக்கிச் சட்டை, நகத்துல கறுப்பு. ஒரு எரால்டு மொனகீட்டு நின்னுச்சு. அந்த வண்டிக்கு மூக்கு, மட்கார்டு எல்லாம் ஒட்டுக்கா முன்னால கவுந்து தொறக்கும், கும்புடு போடற மாதிரி. நம்ம மெட்ராசுல செஞ்சதுதான். இவரு ஸ்க்ரூ டிரைவரோட முனையை எஞ்சின்ல வெச்சாரு, கைப்புடியைக் காதுல வெச்சாரு. கண்ணை மூடுனாரு. "மூணாவது வால்வு"ன்னாரு. அவ்வளவுதான். இந்த மாதிரி ஆளுகளுக்கு இருவது வருசமாச் சோலியே இல்லாம இருந்துச்சு. இப்பத்த காருக்கு கம்ப்யூட்டரைச் சொருகி, அது சொன்னாத்தானே சீக்கு தெரியும்? கிளப்புக்காரங்க வந்து இவரைத் தேடிப் புடிச்சிருக்கறாங்க. பார்ட்டு கெடைக்காட்டி உக்கடத்துப் பழைய இரும்புக்கடையில பொறுக்கறாரு. அங்கயும் இல்லைன்னா கணபதிப் பக்கம் பேட்டர்னு செஞ்சு, வார்ப்பு ஊத்தி, லேத்துல கடைஞ்சு வாங்கிப்போடறாரு. சீமையில ஆர்டரு போட்டு ஆறு மாசம் காத்திருக்கற சாமான் இங்க ஆறு நாள்ல கெடைக்குது. மோட்டாரு பம்பு செஞ்சு பழகுன கை கண்ணு, அதுக்கு எரால்டு ஒரு பெரிய விசயமா?

ஆனா பரிசு குடுத்தப்ப மேடைக்கு யாரு ஏறுனாங்க? மிஸ்திரியா? அங்கதான் எனக்கு வவுத்தெரிச்சல். சிறந்த காருக்கு ஒண்ணு, சிறந்த தொப்பிக்கு ஒண்ணு, காருக்குப் பொருத்தமாப் புடவை கட்டுன அம்மிணிக்கு ஒண்ணு. காதுல வெச்சுக் கண்டுபுடிச்சவரு டீ குடிச்சுட்டு நின்னாரு. நாந்தான் இன்னொரு பன்னு வாங்கிக் குடுத்தேன்.

அப்பறம் ஊர்வலம். நானும் ஒரு காருல ஏறிக்கிட்டேன். லண்டன்லிருந்து பிரைட்டனுக்கு இப்படி ஒண்ணு வருசா வருசம் போறாங்களாமா, 1905க்கு முந்துன வண்டிக மட்டும். 1896ல அங்க ஒரு சட்டத்தை எடுத்தாங்க. அதுக்கு முன்னால காருக்கு முன்னாடி ஒரு ஆளு நடந்து போகோணுமாமா, வண்டி வருது ஒதுங்குங்கன்னு. அந்தச் சட்டம் போனதுக்குத்தான் அந்தக் கொண்டாட்டமே. நம்மூருல அந்தச் சட்டம் இன்னமும் இருக்குதாட்ட இருக்குது. மேட்டுப்பாளையம் ரோட்டுல ஒவ்வொரு காருக்கு முன்னாலயும் ஒருத்தன் போனைத் தூக்கிப் புடிச்சுப் பின்பக்கமாவே நடந்து போறான், படம் புடிக்க.

பத்து மணிக்கு மேல வெயிலு ஏறிருச்சு. ஒரு சந்தனக் கலரு பத்மினி, அதான் அந்தப் பியட்டு, கப்புன்னு நின்னுபோச்சு. ஓனரு தம்பி எறங்கி போன்ல யூடியூப்பைப் பார்க்கறான். நாலு பேரு தள்ளறாங்க. நானு காரை உட்டு எறங்கி, "பானெட்டைத் தொறங்க சாமி"ன்னேன். பெட்ரோலு பம்பு கொதிச்சுக் கெடக்குது. சூட்டுல எண்ணெ ஆவியாப் போயி அடைச்சுக்கும், பியட்டுக்கு அது பொறந்த சீக்கு. எங்கப்பன் காலத்துல பர்லியாறு மேட்டுல எத்தனை தடவை பார்த்திருக்கறோம். தோள்ல கெடந்த துண்டைத் தண்ணியில நனைச்சு, பம்பு மேல சுத்திப்போட்டு, "ஒரு டீ குடிச்சுட்டு வாங்க"ன்னேன். வந்து சாவியைத் திருப்புனான். கெளம்பிருச்சு.

தம்பிக்கு ஆனந்தம் தாங்கலை. "தாத்தா, இந்த டெக்னிக்குக்கு என்ன பேரு?"ங்கறான். "துண்டு"ன்னேன். கூட நின்னு செல்பி எடுத்தான். "வேட்டி செம விண்டேஜ்"னான். படார்னு பானெட்டைச் சாத்துனான். ஏறி உக்காந்தான். போயே போயிட்டான்.

எம்பட துண்டு உள்ளயே இருக்குது கண்ணு! சென்னிமலைத் துண்டு, போன நோம்பிக்கு வாங்குனது. அடுத்த மாசக் கூட்டத்துக்குப் போயிக் கேக்கலாமுன்னு இருக்கறேன். குடுப்பாங்கங்கற நம்பிக்கை இல்லை. இந்நேரம் அதுல எண்ணெக் கறையெல்லாம் ஏறியிருக்கும். தொடாதீங்க, பாட்டினாம்பாங்க.